தானாகப் புரளும் பக்கம்

இப்போது இடப்பள்ளிக்கு மாறிவிட்ட எங்கள் அலுவலகத்திலிருந்து அனிதா போன மாதம் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். மின்நூல் வாசிக்கும் எங்கள் செயலியை இப்போது அடியோடு புதிதாக எழுதுகிறார்களாம்.

"ராஜியக்கா, தொடுகை செட்டிங்ஸ்ல 'சிறு தொடுகைகளைத் தவிர்'னு ஒண்ணு கிடக்கே, அது ஏன் எப்பவும் ஆஃப்லயே இருக்கு? ஆன் பண்ணா நல்லாத்தானே ஓடுது? எல்லாருக்கும் ஆன் ஆக்கிட்டு அந்த ஸ்விட்சையே எடுத்துடலாம்னு பாக்கறோம்."

எடுக்காதே என்றேன். ஏன் என்றாள். போனில் சொல்லி மாளாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்களுடையது கட்டற்ற மென்பொருள். அதன் நிரல் திறந்து கிடக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், ஊருக்குக் கொடுக்கலாம். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது. முக்கியமாக, அது கோள் சொல்லாது. நீங்கள் எந்தப் புத்தகத்தை வாசிக்கிறீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள் என்று எங்களுக்கு ஒரு தகவலும் வராது. அதனால் எங்களுக்கு வாசகர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. யாராவது திட்டினால்தான் தெரியும். புகார் வந்தால் எங்கள் தலைவர் பை சாருக்கு முகம் மலர்ந்துவிடும். "ஒராள் வாயிக்குன்னுண்டு" என்பார். ஒருவர் வாசிக்கிறார் என்று மலையாளத்தில் சந்தோஷப்படுவார். வசவு வாங்கிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் அந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் தட்டச்சு செய்தேன், பிறகு புத்தகங்களை மின்நூலாக்கினேன், கண்ணாடியின் கனம் கூடியது. பஜார் ரோட்டில் சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் பை சார் அலுவலகம் போட்டபோது தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துகொண்டேன். பரிசோதகர் என்று பெயர். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் தமிழ்ப் புத்தகங்களைத் திறந்து, 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். எழுத்தைப் பெரிதாக்குவேன், சிறிதாக்குவேன், பக்கத்தைத் தள்ளுவேன். வருஷக்கணக்கில் இதுதான் வேலை. சும்மா புத்தகம் புரட்டச் சம்பளமா என்று என் தம்பி கேலி செய்வான்.

பை சாரின் முறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்கணிக்காரர், ஒல்லியானவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு துவர்த்து. அதாவது சிறு துண்டு. படிகள் ஏறி வந்ததும் முகம் துடைத்து அதை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் பேசுவார். "இங்க வரலை" என்ற வாக்கியத்தை அவர் அலுவலகத்தில் யாரும் சொல்லக் கூடாது. வாசகர் ஒரு குறையைச் சொல்லி, அது எங்கள் மேசையில் நிகழவில்லை என்றால், மற்ற இடங்களில் புகாரை மூடிவிடுவார்கள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எட்டக்கூடிய தூரத்தில் வாசகர் இருந்தால் நேரில் போக வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை கும்பளங்கியில் மீன் வளர்ப்பவர் ஒருவருக்காக மழையில் நனைந்து போயிருக்கிறோம்.

போன இடத்திலும் சட்டங்கள் உண்டு. வாசகருக்கு எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். "பறயண்டா, காணிச்சா மதி" என்று ஆரம்பிப்பார். சொல்ல வேண்டாம், காட்டினால் போதும். போனை இப்படிப் பிடியுங்கள், அப்படிப் பிடியுங்கள் என்று திருத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகரின் போனை நாங்கள் தொடக் கூடாது. எந்த ஸ்விட்சாக இருந்தாலும் அவர் விரலால் அவரே அழுத்த வேண்டும். கடைசியில் வாசகர் தன் வாயால் 'சரியாயிற்று' என்று சொன்னால்தான் புகார் மூடப்படும். இதையெல்லாம் நான் அப்போது கொஞ்சம் அதிகப்படி என்றே நினைத்தேன்.

அந்த ஸ்விட்சுக்குக் காரணமான புகார் செல்வராஜ் என்ற வாசகருடையது. குரல் செய்தியாக வந்தது. தமிழ் என்பதால் எனக்குத் தள்ளினார்கள். "மேடம், ஒங்க புஸ்தகம் தன்னால ஓடுது. நான் ஒரு பக்கம் வாசிக்கதுக்குள்ள மூணு பக்கம் போயிருது. அந்தப் பொண்ணு கெணத்துக்கிட்ட நிக்கா, அடுத்த வரில பஸ்ல உக்காந்திருக்கா. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

சிரித்துவிட்டுத்தான் பார்க்க ஆரம்பித்தோம். அதே ரகப் போன், அதே பதிப்பு, அதே புத்தகம். எப்படித் தள்ளிப் பார்த்தாலும் பக்கம் சொன்னபடி கேட்டது. நிரல் எழுதும் பையன்களுள் ஒருவன் "இங்க..." என்று ஆரம்பித்து, பை சாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

படகுத் துறைக்குப் பக்கத்தில் செல்வராஜின் ஆட்டோ ஸ்டாண்டு. தென்காசிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் இங்கே வந்து, மூட்டை தூக்கி, பிறகு ஆட்டோ ஓட்டி, செர்லாயியில் வாடகை வீட்டில் இருந்தார். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் சவாரி. நடுவில் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து நாவல். சாயங்காலம் மனைவி முத்துலட்சுமி தோசை மாவு பாக்கெட் கட்டும்போது, பகலில் வாசித்ததை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாராம்.

"அவளுக்கு எழுத்து தெரியாது மேடம். ஆனா நடுவுல ஒரு வரி விட்டாக் கண்டுபிடிச்சிருவா" என்றார். சொல்லும்போதே பெருமை.

பை சார் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். செல்வராஜ் வாசித்தார். வலது கையில் போன், கட்டைவிரல் திரையின் ஓரத்தில். கொஞ்ச நேரத்தில் அந்த விரலும் ஆட்காட்டி விரலும் தாமாக அசைய ஆரம்பித்தன. அவர் ஊர்ப்பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் விரலிடுக்கில் உருட்டுவது போலவே இருந்தது. ஓரத்தில் விரல் பட்டது, பக்கம் புரண்டது. மறுபடி பட்டது, மறுபடி புரண்டது.

"போயிருச்சு பாத்தீங்களா! நான் சொன்னம்லா!" என்று வெற்றியோடு நிமிர்ந்தார்.

போனைச் சீட்டில் வைத்துவிட்டு வாசிக்கும்படி பை சார் அவரிடம் சொன்னார். பக்கம் அசையவில்லை. கையைச் சும்மா தொடையில் வைக்கச் சொன்னார். விரல்கள் அசைந்தன. நான் பார்த்தேன், பை சார் பார்த்தார். செல்வராஜ் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வராஜே, புஸ்தகத்தினு குழப்பம் ஒண்ணும் இல்ல. விரலு ஆடுது. ஒரு டாக்டரைக் காணணும்" என்றார் பை சார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"விரலா? சாயா கூடிப்போச்சு சாரே" என்று சிரித்தார் செல்வராஜ். முன்னால் தாவிப் போய் ஹேண்டிலைப் பிடித்துக் காட்டினார். "இந்தா பாருங்க, கல்லு மாரி நிக்கி. ஆடுற கையா இது?"

கல் மாதிரிதான் நின்றது. கை சும்மா இருக்கும்போது வந்து, வேலை கொடுத்தால் போய்விடும் நடுக்கம் அது என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரியும். ரோட்டில் ஒருவர் கண்ணிலும் படாமல் அது இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் கை சும்மா இருந்தது புத்தகம் பிடித்த நேரத்தில் மட்டும்தான்.

"அண்ணே, வெளையாட்டில்ல. போயி காட்டுங்க" என்று நானும் சொன்னேன்.

"காட்டுதேன் மேடம். மொதல்ல ஒங்க வேலையப் பாருங்க. புஸ்தகத்தச் சரியாக்குங்க."

திரும்பி நடக்கும்போது பை சார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நமக்கு இதில் என்ன வேலை என்று நான் கேட்டேன். "அயாள்க்கு வாயிக்கான் பற்றுன்னில்ல ராஜி. அது நம்முடெ பணியல்லே?" என்றார். அவரால் வாசிக்க முடியவில்லை, அது நம் வேலைதானே.

ஓரத்தில் படும் சின்னச் சின்னத் தொடுகைகளை விட்டுவிட்டு, அழுத்தமாக ஒருமுறை தொட்டால் மட்டும் பக்கம் புரளும்படி பையன்கள் எழுதினார்கள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த நடுக்கம் வேண்டுமே? நான் நடித்தேன். செல்வராஜின் விரலை நினைத்து, வேகம் கூட்டி, குறைத்து, போனைச் சாய்த்து, மடியில் வைத்து, நாளெல்லாம் என் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சேச்சிக்கு என்ன ஆயிற்று என்று பையன்கள் சிரித்தார்கள். பக்கம் அசையாமல் நின்றபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதிய பதிப்பில் அதற்கொரு ஸ்விட்ச் வந்தது, செல்வராஜ் தன் விரலாலேயே அதைப் போட்டுக்கொண்டார். சில நாளில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு படியேறி வந்தார். "சொகமாயிருச்சு மேடம்!" என்றார். சரியாயிற்று என்று சொல்லவில்லை, வியாதி தீர்ந்தவர்போலச் சொகமாயிற்று என்றார். டாக்டரைக் கண்டாயா என்று பை சார் கேட்டார்.

"எதுக்கு சாரே? இந்தா பாருங்க" என்று போனை நீட்டினார். பக்கம் அசையாமல் நின்றது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அடித்துக்கொண்டே இருந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இந்த மனிதருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. இருந்த ஒரே கண்ணாடியை நாங்கள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். அண்ணே, இது வேறு, அது வேறு என்று நான் எவ்வளவோ சொன்னேன். வறுவல் நமுத்துப்போகும், சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசகர் தன் வாயால் சொல்லிவிட்டார், ஆகவே புகார் மூடப்பட்டது. பை சார் அன்றைக்கு வறுவலைத் தொடவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், பஜார் ரோட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரியின் பின்னால் செல்வராஜின் ஆட்டோ போய் முட்டியது. நல்லவேளையாக வேகமில்லை. ஆனால் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி ஒருத்திக்கு மோவாய் கிழிந்து தையல் போட்டார்கள். எங்களுக்கு இது முத்துலட்சுமி சொல்லித்தான் தெரியும். ஒரு மத்தியானம் அவள் எங்கள் வாசலில் நின்றாள். கை முட்டிவரை மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"பிரேக்கு புடிக்கலங்காவ. மெக்கானிக்கு நல்லாருக்குங்கான். காலு மெதுவாத்தான் போவுது மேடம், வீட்டுல நான் பாக்கேம்லா? சட்டப் பொத்தான் போட எவ்ளோ நேரம் ஆவுது! டாக்டர்ட்ட போவோம்னா போனத் தூக்கிக் காட்டுதாவ. 'கை ஆடுனா பக்கம் ஓடும்லா, ஓடுதா பாரு'ங்காவ. 'ஆபீஸ்காரங்களே வந்து பாத்து சொகமாக்கிட்டாங்க'ங்காவ."

நான் பை சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க சரியாக்குனத மறுபடி கெடுத்துத் தரணும்" என்றாள். "அவுகளுக்குத் தெரிய வேண்டாம். குளிக்கப் போவும்போது போன நான் கொண்டாறேன்."

பை சார் தலையை ஆட்டினார். "அது பற்றில்ல, மோளே. அயாளறியாதெ அயாளுடெ போன் தொடான் பற்றில்ல." அவருக்குத் தெரியாமல் அவர் போனைத் தொட முடியாது.

"ஒங்க நியாயம் ஒங்களுக்கு இருக்கட்டும் சாரே. அந்த வண்டில புள்ளைங்கல்லா ஏறுது!"

அவள் கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஒரு நிமிஷ வேலை, ஒரு ஸ்விட்ச். பை சாரின் சட்டத்தை அன்றைக்கு நான் வெறுத்தேன்.

"கெடுத்துட்டா ஒங்களுக்கு யாரு கதை வாசிப்பா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஊருவந்து சேந்தாளா இல்லையாங்கதுதான் மிச்சம்" என்றாள் முத்துலட்சுமி. "தெரியாமலே போவட்டும்."

பை சார் துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறோம், அவரிடமே கேட்கிறோம் என்றார்.

செர்லாயி வீட்டின் முன்னறை அகலமில்லாதது. மாவு டப்பாக்களுக்கு நடுவில் செல்வராஜ் எங்களுக்குப் பாய் விரித்தார். பை சார் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, செட்டிங்ஸில் அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு பக்கம் வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

"சரியாக்குனத எதுக்கு சாரே கெடுக்கணும்?" செல்வராஜின் பார்வை மனைவி மேல் போனது. "இவ வந்து சொன்னாளா?"

"அண்ணே, நாங்க ஒங்க கையைச் சரியாக்கலை" என்றேன். "அதைக் கண்டுக்காதேன்னு போனுக்குச் சொல்லிக் குடுத்தோம். அவ்ளோதான் செஞ்சோம்."

செல்வராஜ் கோபத்தோடுதான் ஸ்விட்சை அணைத்தார். புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார். இரண்டு வரி போயிருக்காது, பக்கம் புரண்டது. நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. புரண்ட பக்கத்தின் முதல் வரியிலிருந்து, ஒன்றும் நடக்காததுபோல, அதே குரலில் தொடர்ந்தார். அதுவும் புரண்டது. அடுத்ததை வாசித்தார். அந்தப் பெண் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், பாதி வரியில் மழை பெய்தது, யாரோ கதவைத் தட்டினார்கள், அது யாரென்று தெரிவதற்குள் விடிந்துவிட்டது. அவர் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பை சார் துண்டைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"விட்டுப்போச்சு" என்றாள் முத்துலட்சுமி. மெதுவாகத்தான் சொன்னாள். "நடுவுல ரொம்ப விட்டுப்போச்சுங்க."

செல்வராஜ் போனைப் பாயில் வைத்தார். வெறுங்கை மடியில் கிடந்தது, விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. முதல்முறையாக அவர் அதைக் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"நாளைக்கு அந்தப் புள்ளைங்கள யாரு கொண்டு விடுவா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவரே ஸ்டாண்டுக்கு நடந்துபோய், இன்னொரு டிரைவரிடம் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அடையாளம் சொல்லிக் கொடுத்தாராம். அதன்பிறகு வண்டியை எடுக்கவில்லை. மாத்திரை, ஆஸ்பத்திரி என்று ஆயிற்று. நரம்பு சம்பந்தப்பட்டது, குணமாகிற வியாதி இல்லை, தள்ளிப்போடலாம் என்றார்கள்.

இனி ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு வாசிக்கலாமே என்று பிறகொரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் மேடம். காலைல எந்திச்சதும் புஸ்தகத்தத் தொறந்து பாக்கேன். பக்கம் ஓடுற வேகத்துலயே அன்னைக்கு மாத்திர புடிக்கா புடிக்கலையான்னு தெரிஞ்சிரும்" என்றார். புத்தகம் அவருக்கு அதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

அனிதா, உனக்குப் பதில் இதுதான். அந்த ஸ்விட்ச் பலருக்குப் பெரிய உதவி, இருக்கட்டும். ஆனால் அதை அவரவர்தான் போட வேண்டும். தன் கை ஆடுகிறது என்று தெரிந்தவர் போட்டுக்கொள்ளட்டும். தெரியாதவருக்காக நீ போட்டுவிடாதே. எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் ஓடித்தான் விஷயம் தெரிய வேண்டியிருக்கிறதோ, நமக்குத் தெரியாது. நம் செயலி கோள் சொல்லாது. பை சார் காலமாகும்வரை அந்த ஸ்விட்சைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு புகார் வந்தால் அவர் முகம் மலர்ந்து நான் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு செர்லாயிக்கு ஒருமுறை போனேன். முத்துலட்சுமி மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். செல்வராஜ் உள்ளறையில் கட்டிலில் இருந்தார். வியாதி இப்போது குரலையும் பிடித்துக்கொண்டது, பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும் என்றாள். போனே வாசித்துக் காட்டும் வசதி எங்கள் செயலியில் உண்டு, போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கையிலிருந்த பாக்கெட்டைக் கட்டி வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கடைசில ஊருவந்து சேந்தாளா மேடம்? நீங்க எத்தன மட்டம் அந்தப் புஸ்தகத்தப் பொரட்டியிருப்பீங்க?"

எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். கொம்பையும் காலையும் பார்த்திருக்கிறேன், வாசித்ததில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இருங்க, வாசிக்கறேன்" என்று என் போனில் அந்த நாவலை எடுத்து, அவர் விட்ட இடத்தை அவளிடமே கேட்டு, அங்கிருந்து ஆரம்பித்தேன். அவள் பாக்கெட் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் அரைப் பக்கம் வாசித்திருப்பேன்.

முத்துலட்சுமி சட்டென்று மாவுக் கையை என் போன் திரைமேல் வைத்து மறைத்தாள். தலை உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. நானும் உற்றுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வேண்டாமாம் மேடம்" என்றாள். "மிச்சத்த அவுகளே வாசிச்சுத் தாராவளாம்."